கல்லும் அதன் இடமும்

(கொற்றலையாற்றுப் பகுதியின் தொல்கற்கருவிகள் குறித்த ஒரு வரலாற்றுச் சிந்தனை)

1. ஆலய முற்றத்தில் ஒரு கல்

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில், தமிழகத்தின் கடைசி ஊர்களுள் ஒன்று ஆரம்பாக்கம். அதன் கிழக்கே பழவேற்காடு ஏரியும், தெற்கே கும்மிடிப்பூண்டியின் தொழிற்சாலைகளும், வடக்கே ஆந்திர எல்லையும் அமைந்துள்ளன. அவ்வூர்ப் பகுதியில் ஒரு சிறு சபைக்கு நாம் ஆயராக இருந்த காலத்தில், அறுப்பின் பண்டிகைக்கு முன்னர் ஆலய முற்றத்தை மேடாக்கும்பொருட்டு இரண்டு லாரி கிராவல் மண் வாங்கிக் கொட்டப்பட்டது. மழைநீர் தேங்காதிருக்கச் சபையார் செய்த ஏற்பாடு அது. மண்ணைப் பரப்பும் பணியில் திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகளும் கைகொடுத்தனர்.

அவர்களுள் ஒரு சிறுவன் கல்லொன்றை நம்மிடம் எடுத்து வந்தான். கையகலமான கல், ஒரு முனை கூர்ந்தும் மறுமுனை உள்ளங்கையில் பொருந்துமாறு தடித்தும் இருந்தது. இரு பக்கங்களிலும் சில்லுகள் ஒழுங்காகப் பெயர்க்கப்பட்டிருந்தன. "ஐயா, இது தானா உடைஞ்ச கல்லா, யாராவது உடைச்ச கல்லா?" என்று அவன் கேட்டான்.

நல்ல வினா. தொல்பழங்கால ஆய்வு முழுவதும் அவ்வினாவிலிருந்தே பிறந்தது எனலாம். நாம் அறிந்த அளவில் அது மனிதக் கை செதுக்கிய கைக்கோடரியே. அடுத்த வினாவுக்கோ நம்மிடம் விடை இல்லை. அக்கல் எங்கிருந்து வந்தது? லாரி ஓட்டுநரை வினவினோம். "நாலைந்து இடத்தில் அள்ளுகிறோம், ஐயா, எந்த லோடு எந்தப் பள்ளம் என்று யார் கணக்கு வைக்கிறார்கள்?" என்றார் அவர். அவர்மீது குற்றமில்லை. விலை பேசியபோது மண் எங்கே தோண்டப்படுகிறது என்று நாமும் கேட்கவில்லையே.

இச்செய்தியைக் கேள்வியுற்ற நண்பர்கள் சிலர், "அத்திரம்பாக்கத்திலா? அங்கேதான் நிறையக் கிடைக்குமே!" என்று மகிழ்ந்தனர். ஆரம்பாக்கம் வேறு, அத்திரம்பாக்கம் வேறு என விளக்க வேண்டியதாயிற்று. இரண்டும் இன்று திருவள்ளூர் மாவட்டத்து ஊர்களே, ஒலியாலும் நெருங்கியவை. ஆயினும் முன்னது கடலோரச் சமவெளியில் உள்ளது. பின்னதோ உள்நாட்டில், பூண்டி நீர்த்தேக்கத்தை அடுத்து, கொசஸ்தலை என்றும் கொற்றலை என்றும் வழங்கும் ஆற்றின் அருகே உள்ளது. ஓர் ஊர்ப்பெயரில் இரண்டோர் எழுத்து மாறினும் ஒரு கல்லின் வரலாறு முழுவதும் மாறிவிடும். கல்லைச் சேகரிப்பது எளிது. கல்லோடு அதன் இடத்தையும் சேகரிப்பதே அரிது. இவ்வுண்மையை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. 1863: பல்லாவரமும் அத்திரம்பாக்கமும்

இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு சென்னையை அடுத்த பல்லாவரத்தில் தொடங்கிற்று. 1863 மே 30-ஆம் நாள், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் அங்கே சரளைக்கல் தோண்டிய பள்ளமொன்றில் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். அப்பொழுது அவருக்கு வயது 28. இங்கிலாந்தின் செல்ட்டன்ஹாமில் 1834-இல் பிறந்த அவர், 1858-இல் ஆய்வுத் துறையில் சேர்ந்து, சென்னை மாகாணத்தின் பாறைகளையும் மண் அடுக்குகளையும் வரைபடமாக்கும் பணியில் ஈடுபட்டிருந்தார். கருவிகளைத் தேடுவது அவருக்கு இடப்பட்ட வேலையன்று. எனினும் பிரான்சு நாட்டில் அத்தகைய கற்கருவிகள் அண்மையில் மெய்ப்பிக்கப்பட்டிருந்த செய்தியை அவர் அறிந்திருந்தார். ஆதலால் பிறர் சாலைக்கெனக் குவித்த கற்களிடையே அவர் கண்கள் வேறொன்றைக் கண்டன.

அவ்வாண்டு செப்டம்பரில் அவரும் உடன் பணியாளரான வில்லியம் கிங்கும் கொற்றலையாற்றுப் பகுதிக்குச் சென்றனர். அத்திரம்பாக்கத்தின் ஓடையிலும் அதன் கரைகளிலும் ஏராளமான கருவிகளைக் கண்டனர். அவை குவார்ட்சைட் என்னும் கடினமான கல்லால் ஆனவை. அருகிலுள்ள அல்லிக்குழி மலைப்பகுதியின் கூழாங்கற்கள் அவ்வகைக் கல்லே. கைக்கோடரிகளும், அகன்ற வெட்டுமுனை உடைய பிளவுக் கருவிகளும், செதுக்கும்போது தெறித்த சில்லுகளும் அங்கே கிடைத்தன. சென்னை மாகாணத்தின் லேட்டரைட் என்னும் செம்பாறைப் படிவுகளில் கற்கருவிகள் காணப்படுவதைப் பற்றி ஃபூட் எழுதிய விரிவான கட்டுரை 1866-இல் சென்னை இலக்கிய அறிவியல் இதழில் வெளியாயிற்று.

இங்கு நாம் கருத்தூன்ற வேண்டியது ஒன்றுண்டு. ஃபூட் நிலவியலாளர். கல்லைப் பார்க்கும் முன் அது கிடந்த படிவைப் பார்ப்பவர். கருவி ஓடையின் படுகையில் கிடந்ததா, செம்பாறைச் சரளையினுள் பதிந்திருந்ததா, மேல்மண்ணில் கிடந்ததா என அவர் வேறுபடுத்தி எழுதினார். ஓடையில் கிடந்தது நீரால் உருட்டிவரப்பட்டதாக இருக்கலாம். படிவினுள் பதிந்திருந்ததோ அப்படிவு உருவான காலத்திற்குப் பிற்பட்டதாக இருக்க இயலாது. இவ்வேறுபாடே காலக் கணிப்பின் வித்து.

1891-இல் ஆய்வுத் துறையினின்று ஓய்வு பெற்ற பின்னும் அவர் தேடலை விடவில்லை. தென்னிந்தியாவெங்கும், பின்னர் மைசூரிலும் பரோடாவிலும் அவர் திரட்டிய தொகுதியைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1904-இல் விலைக்குப் பெற்றது. ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணிட்டு, கிடைத்த ஊரைக் குறித்து, அவர் ஆயத்தம் செய்த விளக்கப் பட்டியல், அவர் 1912 டிசம்பரில் மறைந்தபின் 1914-இல் அச்சேறிற்று. பொருள்களின் காலமும் பரவலும் பற்றிய துணை நூல் 1916-இல் வந்தது. நூறாண்டுகளுக்குப் பின்னும் ஆய்வாளர் அவ்வேடுகளைக் கையிற்கொண்டு அவர் நடந்த இடங்களைத் தேடிச் செல்ல முடிகிறது. கற்களை மட்டும் அவர் விட்டுச் சென்றிருப்பாராயின் இது இயலுமா?

3. ஆயர் ஒருவரின் மருமகன்

நம் இதழின் வாசகர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி இது: ஃபூட் மணந்தது பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளை. வெசுலியன் மிஷனைச் சார்ந்து யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பெர்சிவல், தமிழ் வேதாகமத்தைத் திருத்தி மொழிபெயர்க்கும் பணியை மேற்கொண்டவர். அப்பணியில் ஆறுமுக நாவலரின் தமிழறிவைத் துணையாகக் கொண்டவர். அம்மொழிபெயர்ப்பு 1850-இல் சென்னையில் அச்சிடப்பட்டது. பின்னர் ஆங்கிலிக்கத் திருச்சபையில் இணைந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கினார். 1855-இல் தினவர்த்தமானி என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கியவரும் அவரே. 1882-இல் ஏற்காட்டில் மறைந்தார். ஃபூட்டும் தம் ஓய்வுக் காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தார் என்பது நோக்கத்தக்கது.

மாமனாரும் சேகரிப்பாளரே. அவர் சேகரித்தவை பழமொழிகள். 1842-இல் யாழ்ப்பாணத்தில் அவர் வெளியிட்ட தொகுப்பு, 1874-இல் சென்னைப் பதிப்பில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகளாகப் பெருகியது. ஒரே குடும்பத்தில் ஒருவர் தமிழ் மக்களின் வாய்மொழியைத் திரட்டினார்; மற்றவர் எம்மொழி பேசினர் என அறியவொண்ணாத மாந்தரின் கைவினையைத் திரட்டினார். அக்காலத்தில் பலராலும் அற்பமென எண்ணப்பட்டவற்றை இருவரும் குனிந்து எடுத்தனர்.

எனினும் இவ்விரு சேகரிப்புகளுக்கும் இடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. பழமொழி இடம் பெயர்வதாலேயே வாழ்கிறது. ஒரு வாயிலிருந்து மறு வாய்க்கும், ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கும் சென்றாலும் அதன் பொருள் குன்றுவதில்லை. சொன்னவர் யார் எனத் தெரியாவிடினும் பழமொழி பேசும். கல்லின் நிலையோ வேறு. அது தன் இடத்தில் இருக்கும்வரை சாட்சி; இடத்தை இழந்தபின் வெறும் பொருள். ஆகவே பழமொழி திரட்டுவோரைவிடக் கல் திரட்டுவோருக்குக் கடமை மிகுதி.

4. ஐரோப்பா கற்ற பாடம்

மேல்நாட்டார் இப்பாடத்தை எளிதில் கற்றுவிடவில்லை. பிரான்சின் அப்வில் நகரில் சுங்க அதிகாரியாக இருந்த பூஷே தெ பெர்த்து, சோம் ஆற்றுச் சரளைகளில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு கற்கருவிகளும் கிடைப்பதாகப் பல ஆண்டுகள் எழுதிவந்தார். அறிஞர் பலரும் நம்பவில்லை. வேலையாட்கள் கொண்டுவந்து கொடுத்த கற்கள் பல அவர் தொகுதியில் இருந்தமையே ஐயத்திற்கு ஒரு காரணம். 1859 ஏப்ரலில் சோசப் பிரெசுட்விச்சும் சான் எவான்சும் இங்கிலாந்திலிருந்து சென்றனர். அமியானை அடுத்த செயின்ட் அச்சூல் சரளைப் பள்ளத்தில் கைக்கோடரியொன்று படிவினுள் பதிந்தபடியே இருப்பதைக் கண்டு, அதனை எடுக்கும் முன்னரே புகைப்படம் பிடிக்கச் செய்தனர். அறிவுலகம் அதன்பின் இணங்கியது. அதுவரை நூற்றுக்கணக்கான கற்கள் பெறாத நம்பிக்கையை, இடத்தோடு காணப்பட்ட ஒரு கல் பெற்றது. அவ்வூர்ப் பெயராலேயே இவ்வகைக் கருவி மரபு அச்சூலியன் என இன்றும் வழங்குகிறது.

ஆயினும் பூஷே தெ பெர்த்து பாடத்தை முழுதும் கற்கவில்லை. மனித எலும்பைக் கண்டெடுப்போருக்கு வெகுமதி தருவதாக அவர் அறிவித்திருந்தார். 1863 மார்ச்சில் முலான் கின்யோன் என்னுமிடத்தில் மனிதத் தாடையெலும்பு ஒன்று கிடைத்தது. அறிஞர்கள் கூடி வாதிட்டனர். இறுதியில் அது பழமையானதன்று, அங்கே வைக்கப்பட்டது என்ற முடிவே நிலைத்தது. காசுக்குக் கேட்டால் கல்லும் எலும்பும் கேட்ட இடத்தில் கிடைக்கும் என்பதற்கு அது சான்றாயிற்று. ஃபூட் பல்லாவரத்தில் கைக்கோடரியைக் கண்டது அதற்கு இரண்டு மாதங்கள் கழித்தே.

ஆயர்களாகிய நமக்கு இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. ஆக்சுபோர்டில் நிலவியல் கற்பித்த வில்லியம் பக்லாந்து என்னும் ஆங்கிலிக்க ஆயர், 1823-இல் வேல்சு நாட்டுப் பாவிலாந்து குகையில் செங்காவி படிந்த மனித எலும்புக்கூட்டைத் தோண்டியெடுத்தார். அருகே மம்மூத் யானையின் மண்டையோட்டுப் பகுதிகளும் கிடந்தன. மனிதன் அத்தகைய விலங்குகளின் காலத்தில் வாழ்ந்திருத்தல் கூடும் என அவர் ஒப்பவில்லை. ஆகவே அது உரோமர் காலத்துப் பெண்ணின் உடல் என முடிவு செய்தார். உண்மையில் அஃது ஓர் ஆணின் உடல். ஏறத்தாழ 33,000 ஆண்டுகள் பழமையானது என இக்கால ஆய்வு காட்டுகிறது. பக்லாந்தின் விளக்கம் தவறிற்று. ஆனால் எலும்பும் பொருள்களும் எங்கே, எவற்றோடு கிடந்தன என்பதை அவர் எழுதியும் வரைந்தும் வைத்தமையால், பின்வந்தோர் அவர் தவற்றைத் திருத்த முடிந்தது. விளக்கம் பிழையாகலாம், குறிப்பு நேர்மையாக இருப்பின் பிழைக்கும் மீட்பு உண்டு.

5. களிமண் அளித்த சாட்சி

மீண்டும் அத்திரம்பாக்கத்திற்கு வருவோம். ஃபூட்டுக்குப் பின் பலர் அவ்விடத்தை ஆராய்ந்தனர். 1930-களில் தெ டெராவும் பேட்டர்சனும், அவர்களைத் தொடர்ந்து வி. டி. கிருஷ்ணசுவாமியும் கொற்றலையாற்றின் படிவுகளை ஆய்ந்து எழுதினர். 1960-களில் தொல்லியல் துறையின் கே. டி. பானர்ஜி அங்கே அகழ்ந்தார். கருவிகள் மேலுள்ள செம்பாறைச் சரளையைச் சார்ந்தவை. அதன் கீழுள்ள களிமண் மிகமிகத் தொன்மையான பாறைப் படிவு, அதில் மனிதச் சுவடு இராது என்பதே நெடுங்காலம் நிலவிய கருத்து.

1999 முதல் சாந்தி பப்புவும் அவர்தம் குழுவினரும், சென்னையிலுள்ள சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தின் சார்பில், அங்கே அகழாய்வை மேற்கொண்டனர். அவர்கள் களிமண்ணையும் விடாது கீழ்நோக்கித் தோண்டினர். மனிதச் சுவடு இராது எனக் கருதப்பட்ட அக்களிமண்ணினுள்ளேயே அச்சூலியன் கருவிகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. கீழடுக்குகளிலிருந்து 3,500-க்கு மேற்பட்ட கற்பொருள்கள் பெறப்பட்டன. விலங்குகளின் கல்லாகிய பற்களும் சில கிடைத்தன. நுண்ணிய களிமண்ணில் பெரிய கற்கள் இயல்பாக அமைவதில்லை. ஆகவே கருவி செய்யத்தக்க கற்களையும் பெருஞ்சில்லுகளையும் அம்மாந்தரே வேறிடத்திலிருந்து சுமந்து வந்தனர் என்பது தெளிவாயிற்று. முன்யோசனையுடைய செயல் இது. கருவியைக் கையிலேந்தி எத்துணை நேரம் நோக்கினும் இச்செய்தி புலப்படாது. அது கிடந்த மண்ணை நோக்கினாலன்றி அறியவொண்ணாது.

அவற்றின் காலத்தை எவ்வாறு கணித்தனர்? விண்ணிலிருந்து வரும் கதிர்கள் நிலத்தின் மேற்பரப்பிலுள்ள குவார்ட்சு கல்லைத் தாக்கும்போது, அதனுள் பெரிலியம், அலுமினியம் ஆகியவற்றின் அரிய வகை அணுக்கள் உண்டாகின்றன. கல் மண்ணின் ஆழத்தில் புதைந்தபின் கதிர்கள் அதனை எட்டுவதில்லை. உண்டான அணுக்கள் வெவ்வேறு வேகத்தில் சிதையத் தொடங்கும். எஞ்சியவற்றின் விகிதத்தை அளந்தால், கல் எவ்வளவு காலம் புதைந்து கிடந்தது எனக் கணிக்கலாம். மண் படிந்த காலத்தில் நிலத்தின் காந்தப்புலம் எத்திசை நோக்கியிருந்தது என்பதையும் களிமண் காத்து வைத்திருக்கிறது. இவ்விரு வழிகளாலும் பெற்ற முடிவு 2011-இல் வெளியாயிற்று. அத்திரம்பாக்கத்தின் மிகப் பழைய கருவிகள் பத்து லட்சம் ஆண்டுகளுக்குக் குறையாதவை. ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை. பின்னர் 2018-இல், மேலடுக்குகளிலிருந்த 7,200-க்கு மேற்பட்ட பொருள்களை ஆராய்ந்த அதே குழுவினர், கருவி செய்யும் முறையில் நேர்ந்த மாற்றத்தை வெளிப்படுத்தினர். பெரிய கைக்கோடரிகள் குறைந்து, முன்னரே வடிவமைத்த கருவிலிருந்து சிறுசில்லுகளைப் பெயர்க்கும் முறை ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே தொடங்கியது என்பதே அது.

இக்கணிப்புகள் யாவும் புதைந்து கிடந்த நிலையையே அடிப்படையாகக் கொண்டவை. ஆலய முற்றத்தில் நமக்குக் கிடைத்த கைக்கோடரியை எத்துணைச் சிறந்த ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினும், அது எவ்வடுக்கில், எவற்றோடு, எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பதை எவரும் மீட்டுத் தர இயலாது.

6. காலக் கணக்கும் விசுவாசமும்

சபைகளில் இத்தகைய செய்திகளைக் கூறும்போது ஒரு தயக்கம் எழுவதை நாம் அறிவோம். 15 லட்சம் ஆண்டுகள் என்றதும், ஆதியாகமம் என்னாவது என்று ஒருவர் வினவுகிறார். மற்றொருவர் வினவாமலே வருந்துகிறார். பதினேழாம் நூற்றாண்டில் அயர்லாந்தின் பேராயர் அசர், வேதாகமத்தின் தலைமுறைப் பட்டியல்களைக் கொண்டு உலகப் படைப்பைக் கி.மு. 4004 எனக் கணக்கிட்டார். அக்கணக்கு பின்னர் ஆங்கில வேதாகமங்களின் பக்க ஓரங்களில் அச்சிடப்பட்டது. ஓரத்தில் நின்ற மனிதக் கணக்கை மூலத்தின் பகுதியென்றே பலர் எண்ணலாயினர். கற்கருவிகள் அசைத்தது பக்க ஓரத்தையே, மூலத்தையன்று.

வேதாகமத்தைச் சூழமைவோடு படிக்க வேண்டும் என்று நாம் மாணவருக்குக் கற்பிக்கிறோம். ஒரு வசனத்தை அதன் அதிகாரத்திலிருந்தும், நூலிலிருந்தும், காலத்திலிருந்தும் பெயர்த்தெடுத்தால், அதனை விரும்பியபடியெல்லாம் பேசச் செய்யலாம் என எச்சரிக்கிறோம். அதே நெறி கல்லுக்கும் உரியது. இடம் பெயர்த்த கல்லைக் கொண்டு எவரும் எதையும் நிறுவலாம். இது எம் இனத்தாரின் மூதாதை செய்தது என்று ஒருவர் பெருமை கொள்ளலாம். தமிழே உலகின் முதல் மொழி என்பதற்கு இது சான்று என்று மற்றொருவர் முழங்கலாம். அத்திரம்பாக்கத்தில் இக்கருவிகளைச் செய்தோரின் எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. அவர்கள் எம்முகத்தினர், எம்மொழியினர் என்பதைக் கல் கூறவில்லை. அவர்கள் கல்லைத் தேர்ந்தனர், சுமந்தனர், பயனறிந்து செதுக்கினர் என்பதை மட்டுமே கூறுகிறது. சாட்சி கூறும் அளவோடு நிற்பதே விசுவாசிக்கும் ஆய்வாளருக்கும் பொதுவான ஒழுக்கம்.

கல் திரட்டுதலுக்கு வேதாகமத்திலும் முன்மாதிரி உண்டு. யோர்தானைக் கடந்தபோது யோசுவா ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுப்பித்துக் கில்காலில் நாட்டினார். பின்வரும் பிள்ளைகள் இக்கற்கள் ஏது என்று கேட்கும் நாளில் பெற்றோர் விடை கூற வேண்டுமென்பதே நோக்கம். எத்தனை கற்கள், எவ்விடத்திலிருந்து, எந்நாளில், எதன்பொருட்டு என யாவும் அங்கே கூறப்பட்டுள்ளன. அக்குறிப்புகள் இல்லாதிருந்தால் கில்காலில் பன்னிரண்டு கற்கள் இருந்திருக்கும், சாட்சி இருந்திராது. நம் திடப்படுத்தல் வகுப்புச் சிறுவனின் வினாவுக்கு நாம் விடை கூற இயலாமற்போனதும் இதனாலேயே.

7. நம் பிழை

இதனை எழுதும் நாம் குற்றமற்றவரல்லோம். இறையியல் மாணவராயிருந்த நாட்களில் நண்பர் சிலரோடு பூண்டிப் பக்கம் உலாச் சென்றிருந்தோம். ஓடைக்கரைகளிலும் வரப்புகளிலும் கிடந்த கற்களைக் கண்டு வியந்து, தோளில் மாட்டிய துணிப்பை கிழியும்வரை பொறுக்கினோம். விடுதி அறையின் சன்னலோரம் பதினேழு கற்கள் வரிசையாக இருந்தன. வந்தவர் போனவர்க்குக் காட்டிப் பெருமை கொண்டோம். சிலவற்றை அன்பளிப்பாகவும் கொடுத்தோம். எது எவ்விடத்துக் கல் என்று ஒரு சீட்டும் எழுதவில்லை.

ஆண்டுகள் கழித்து, தொல்லியல் பயின்ற ஒருவரிடம் எஞ்சியவற்றை ஆவலோடு காட்டினோம். அவர் ஒவ்வொன்றையும் கையிலெடுத்துப் பரிவோடு நோக்கினார். நல்ல கருவிகள் என்றார். பின்னர், "எங்கே எடுத்தீர்கள்?" என்று கேட்டார். "பூண்டிப் பக்கம்" என்றோம். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அவர் மௌனம் நமக்கு விளங்கிற்று. பல லட்சம் ஆண்டுகள் காத்திருந்த சாட்சிகளின் வாயை ஒரு பிற்பகலில் நாம் அடைத்துவிட்டோம். களவு செய்யும் எண்ணம் நமக்கு இருந்ததில்லை, அன்பினாலேயே எடுத்தோம். அறிவில்லாத அன்பும் அழிக்கும் என்பதை அன்று கற்றோம்.

8. சபைகள் செய்யத்தக்கவை

நம் ஒருவர் கைப்பை செய்த அழிவினும் பெரிது இன்று மண் தோண்டும் இயந்திரம் செய்வது. சென்னையும் அதன் தொழிற்பேட்டைகளும் வளர்வதற்குச் சாலை வேண்டும். மேடாக்க மண் வேண்டும். ஏரிகளின் சவுடும், மேட்டுநிலங்களின் கிராவலும் இரவும் பகலும் லாரிகளில் செல்கின்றன. தொல்கருவிகள் புதைந்திருப்பதும் அவ்வகைச் சரளைப் படிவுகளிலேயே. வேலைவாய்ப்பு வேண்டாம் என்று நாம் கூறவில்லை. நம் சபையாரின் பிள்ளைகள் பலர் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளிலேயே பிழைக்கின்றனர். பல்லாவரத்தில் முதற்கருவி கிடைத்ததும் சரளை தோண்டிய பள்ளத்திலேதான் என்பதையும் மறவோம். அன்று அப்பள்ளத்தருகே பார்க்கத் தெரிந்த ஒருவர் நின்றார். இன்று அவ்வாறு நிற்பவர் யார் என்பதே வினா.

ஆயரும் உபதேசியாரும் ஊர்தோறும் இருக்கின்றனர். ஆசிரியப் பணியிலுள்ள சபையாரும் பலர். ஆகவே சில நடைமுறைகளைப் பணிவோடு முன்வைக்கிறோம்.

முதலாவது, செதுக்கிய கல்லெனத் தோன்றுவதை நிலத்தில் கண்டால், எடுக்காதிருப்பதே நன்று. கிடந்தபடியே புகைப்படம் எடுத்து, ஊர், புல எண், அருகிலுள்ள குளம் அல்லது சாலை, மேற்பரப்பில் கிடந்ததா வெட்டிய மண்சுவரில் தெரிந்ததா என்பவற்றை எழுதிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, அச்செய்தியைத் தொல்லியல் துறைக்கு அறிவிக்க வேண்டும். இம்மாவட்டத்தில் பூண்டியிலேயே தமிழக அரசின் தொல்பழங்கால அருங்காட்சியகம் 1985 முதல் உள்ளது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளைக் கற்கள் பொறுக்க அழைத்துச் செல்வதைவிட, அங்கே அழைத்துச் சென்று காட்டுவது மேலானது.

மூன்றாவது, காசு கொடுத்து வாங்கவோ விற்கவோ கூடாது. முலான் கின்யோன் நிகழ்ச்சி அதன் தீமையைக் காட்டிற்று. தொல்பொருட்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாருக்குத் தடை செய்துள்ளது. அயல்நாட்டு விருந்தினருக்கு நினைவுப் பொருளாகக் கொடுப்பதும் தவிர்க்கத்தக்கது.

நான்காவது, ஆலயத்திற்கோ பள்ளிக்கோ மண் வாங்கும்போது, அது எங்கே தோண்டப்படுகிறது என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். இதற்குச் செலவு ஏதுமில்லை. நாம் செய்யத் தவறியது இதுவே.

9. முடிவாக

ஆலய முற்றத்துக் கல்லை என்ன செய்வது என்று சபைக் கமிட்டியில் பேசப்பட்டது. பலிபீடத்தருகே கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம் என்றார் ஒருவர். அத்திரம்பாக்கத்துக் கல் என்று எழுதி வைத்தால் பார்க்க வருவோர் பெருகுவர் என்றார் மற்றொருவர். வேடிக்கையாகவே சொன்னார், ஆயினும் அவ்வாறு எழுதியிருந்தால் ஐம்பது ஆண்டுகளில் அதுவே வரலாறாகியிருக்கும். அத்திரம்பாக்கம் என்னும் பெயருக்குள்ள மதிப்பை, அவ்விடத்தைச் சாராத கல்லுக்குக் கொடுப்பது பொய்ச்சாட்சியேயாகும்.

இறுதியில் அச்சிறுவனையே அழைத்து ஒரு சீட்டு எழுதச் செய்தோம். "ஆரம்பாக்கம் ஆலய முற்றம். லாரி மண்ணில் கிடைத்தது. தோண்டிய இடம் தெரியவில்லை" என்று எழுதி, நாளும் ஆண்டும் குறித்துக் கையொப்பமிட்டான். எழுதி முடித்தபின், "தெரியவில்லை என்று எழுதினால் கேவலமாக இருக்காதா, ஐயா?" என்று கேட்டான். இல்லை என்றோம். அச்சீட்டுடன் கல் உரிய அலுவலரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அடுத்த ஆண்டும் முற்றத்திற்கு மண் தேவைப்பட்டது. லாரி வந்து நின்றபோது நாம் வெளியே வருமுன்னரே அச்சிறுவன் ஓட்டுநரிடம் சென்று, இந்த மண் எந்த ஊரில் அள்ளியது என்று கேட்டுக்கொண்டிருந்தான்.